கைதட்டினால் மறந்துபோகும் கணினி

எங்கள் அலுவலகத்தில் அவருக்கு 'மேதை' என்று பெயர். கிண்டலாக வைத்த பெயர்தான். அவர் அதைப் பட்டமாக வாங்கிக்கொண்டார். வாடிக்கையாளர் யாராவது போனில் "யாருங்க பேசறது?" என்று கேட்டால், "மேதைன்னு சொல்லுங்க, எல்லாருக்கும் தெரியும்" என்பார். கொடுத்த பெயரைத் திரும்ப வாங்க எங்களுக்கு வழியில்லாமல் போயிற்று.

ஜெராக்ஸ் மெஷின்களைப் பழுதுபார்க்கும் கம்பெனி எங்களுடையது. மேதைக்குத் தொழில் நன்றாகவே தெரியும். சிக்கிய தாளை நிமிடத்தில் உருவிவிடுவார். அது ஏன் சிக்கியது என்று விளக்கத்தான் மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்கப் போகும். கேட்டுக்கொண்டு நிற்பவரின் கண்ணில் தூக்கம் தெரிந்தால், புரியவில்லை என்று எடுத்துக்கொண்டு முதலிலிருந்து ஆரம்பிப்பார்.

ஒருநாள் அவருடைய கைபேசி செத்துப்போனது. கீழே விழவில்லை, தண்ணீரில் நனையவில்லை. மேஜைமேல் இருந்தபடியே அணைந்துவிட்டது. மகள் தவழ்ந்த காலத்திலிருந்து சேர்த்த படங்கள் எல்லாம் அதற்குள் இருந்தன. கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரர் பிரித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"மெமரி போயிடுச்சு சார். எடுக்க முடியாது."

"எங்க இருக்கு அந்த மெமரி? காட்டுங்க."

கடைக்காரர் நகத்தளவு கறுப்புச் சில்லு ஒன்றை இடுக்கியால் தொட்டுக் காட்டினார்.

"இதுல எங்க?"

"உள்ளதான் சார்."

"உள்ளன்னா எங்க?"

கடைக்காரர் அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

மறுநாள் அலுவலகத்தில் மேதை பிரசங்கம் செய்தார். "கண்ணால பார்க்க முடியாத ஞாபகம் ஒரு ஞாபகமாய்யா? எங்க இருக்குன்னு தொட்டுக் காட்ட முடியாததை எப்படி நம்பறது? நானே ஒரு கம்ப்யூட்டர் செய்யப்போறேன். அதுல ஒவ்வொரு எண்ணும் எங்க ஓடுதுன்னு விரலை வச்சுக் காட்டுவேன். மெமரின்னா அது மெமரி!"

படங்களைத் தினமும் இன்னொரு இடத்தில் சேமித்து வைத்திருந்தால் போதுமே என்று ஒருத்தி சொன்னாள். அவளுடன் மேதை அன்று முழுக்கப் பேசவில்லை.

அவர் தேர்ந்தெடுத்தது அரை நூற்றாண்டுக்கு முந்தைய ஒரு தந்திரம். அந்தக் காலத்து மேஜைக் கால்குலேட்டர்கள் சிலவற்றில் நினைவகம் என்பது வெறும் நீளக் கம்பி. கொசுவர்த்தி மாதிரி சுருட்டி வைத்த கம்பி. அதன் ஒரு முனையை ஒரு குட்டிக் காந்தச் சுருள் சுண்டிவிடும். அந்த நடுக்கம் கம்பி வழியே ஓடி மறுமுனைக்குப் போகும். அங்கே அதைப் பிடித்து, திரும்பவும் முதல் முனையில் சுண்டிவிட வேண்டும். இப்படிச் சுற்றிக்கொண்டே இருக்கும்வரை எண் நினைவில் இருக்கும். கடைக்குப் போகிறவன் வாங்கவேண்டியதை மறக்காமலிருக்க, வழியெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவான் இல்லையா, அதேதான். வழியில் யாராவது "எங்க கிளம்பிட்டீங்க?" என்று கேட்டால் அவன் கதி என்னவோ, கம்பியின் கதியும் அதுவே. இந்தக் கடைசி விஷயத்தை மேதை எங்களுக்குச் சொல்லவில்லை. அவருக்கே அப்போது தெரியாது.

"எவ்வளவு ஞாபகம் வச்சுக்கும் சார்?" என்று கேட்டேன்.

"ரெண்டு வரி எழுத்து அளவுக்கு."

"ரெண்டே வரியா?"

"உன் மண்டையில இப்ப ரெண்டு வரி உருப்படியா இருக்கா?"



சாப்பாட்டு மேஜைதான் தொழிற்சாலை ஆயிற்று. சைக்கிள் பிரேக் கம்பி, துணி காயப்போடும் கம்பி, திரைச்சீலை தொங்கிய கம்பி என்று வீட்டிலிருந்த கம்பிகள் எல்லாம் ஒவ்வொன்றாகப் பலியாயின. எதிலும் நடுக்கம் பாதி வழியிலேயே செத்தது. கடைசியில் இசைக்கருவிக் கடையிலிருந்து கொண்டுவந்த கம்பி சரிப்பட்டது. கணக்குப் போடும் பாகத்தைப் பழைய மெஷின்களிலிருந்து கழற்றிய ரிலேக்களால், அதாவது மின்சாரம் பாய்ந்தால் தானே திறந்து மூடும் சுவிட்சுகளால், கட்டினார். விடை தெரிய வரிசையாகக் குட்டி பல்புகள்; எவை எரிகின்றன என்பதை வைத்து எண்ணைப் படிக்கவேண்டும். குடும்பம் மேஜையை மறந்தது. மனைவி கட்டிலில் உட்கார்ந்து சாப்பிட்டார். மகள் தன் அறையில் கம்ப்யூட்டருக்கு முன்னால் சாப்பிட்டாள். மேதை தட்டை ஏந்திக்கொண்டு மெஷினுக்குப் பக்கத்தில் காவல்காரர் மாதிரி நின்று சாப்பிட்டார்.

கம்பிச் சுருளைப் பெட்டிக்குள் வைத்து, பஞ்சு அடைத்து மூடவேண்டும் என்று எனக்கே தோன்றியது. சொன்னேன்.

"மூடிட்டா போனுக்கும் இதுக்கும் என்னய்யா வித்தியாசம்?" என்று சீறினார். சுருள் திறந்தபடியே, நடுமேஜையில், எல்லோருக்கும் தரிசனம் கொடுத்துக்கொண்டு கிடந்தது.

முதல் தடவையாக மெஷின் ஒரு எண்ணைப் பிடித்து வைத்துக்கொண்டது ஒரு விடுமுறை நாளில். ஏழு. மேதை பல்புகளைப் பார்த்துப் பூரித்து நிற்கும்போது சமையலறையிலிருந்து மனைவி கூப்பிட்டார். "சாப்பிட வாங்க!"

ஏழு இருபத்துமூன்றாகிவிட்டது.

மேதை பற்றவைத்த இடங்களை எல்லாம் பிரித்துத் திரும்பப் பற்றவைத்தார். ரிலேக்களை மாற்றினார். மறுபடி ஏழு வந்தது. மறுபடி மனைவி கூப்பிட்டார். மறுபடி எண் மாறியது. இப்படிப் பல வேளைச் சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் அவருக்குப் புரிந்தது. கம்பி எல்லாவற்றையும் கேட்கிறது. அவர் சுண்டிவிட்டது எது, மனைவி கத்தியது எது என்று அதற்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்த இடத்தில் அவருடைய மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சர். மைதானத்தின் இந்தக் கோடியில் நின்று கூப்பிட்டால் அந்தக் கோடியில் ஓடுகிறவள் நின்றுவிடுவாள். டீச்சர் ரகசியம் பேசி யாரும் கேட்டதில்லை. அவர் ரகசியமென்று நினைத்துப் பேசியதைத் தெருவே கேட்டிருக்கிறது. மேதையோ உலகத்திலுள்ள எல்லா நினைவகத் தொழில்நுட்பங்களையும் விட்டுவிட்டு, இந்த வீட்டில் வைத்து, சத்தத்துக்கு அஞ்சும் ஒன்றைக் கட்டியிருந்தார்.

வீட்டில் சட்டங்கள் வந்தன. மெஷின் ஓடும்போது செருப்பு கூடாது. கதவை அறைந்து சாத்தக்கூடாது, மெல்லச் சேர்த்து வைக்கவேண்டும். மிக்ஸி கூடாது. தும்மல் வந்தால் குளியலறைக்கு ஓடவேண்டும். மகளுக்குத்தான் பெரிய பாடு. அவள் ஒரு கூரியர் கம்பெனிக்காக வீட்டிலிருந்தபடியே வாடிக்கையாளர்களின் புகார்களைப் போனில் கேட்கும் வேலையில் இருந்தாள்.

"மெதுவாப் பேசும்மா" என்றார் மேதை.

"அப்பா, எனக்குப் பேசறதுதான் வேலையே."

"அதான் மெதுவாப் பேசுன்னு சொல்றேன். பேசாதேன்னா சொன்னேன்?"

அவள் கிசுகிசுத்தாள். "வணக்கம், உங்களுக்கு எப்படி உதவலாம்?" என்பதைத் திருட வந்தவள் மாதிரி சொன்னாள். பார்சல் வரவில்லை என்று எரிமலையாகக் கூப்பிட்ட ஆட்கள் திகைத்துப்போய்த் தாங்களும் குரலைத் தாழ்த்தினார்கள். "ஏம்மா, அங்க ஏதாவது பிரச்சினையா? பார்சல் மெதுவா வரட்டும், நீ பத்திரமா இரு" என்று ஒருவர் சொன்னாராம். அந்த மாதம் கம்பெனி அவளுக்கு 'கோபக்காரர்களைச் சாந்தப்படுத்தும் திறன்' என்று பாராட்டு அனுப்பியது. மேதை அதைத் தன் கண்டுபிடிப்பின் உபபலனாக அலுவலகத்தில் சொல்லிக்கொண்டார்.

மாடிவீட்டில் ஒரு தையற்காரர் இருந்தார். அவருடைய மெஷின் ஓடினால் கம்பி நடுங்கியது. மேதை படியேறிப் போனார்.

"உங்க மெஷினைக் கொஞ்சம் நேரம் நிறுத்த முடியுமா? கீழ என் மெஷின் ஒரு விஷயத்தை ஞாபகம் வச்சுட்டிருக்கு."

"எதைங்க?"

"ஏழு."

"ஏழா?"

"ஏழுங்கற எண்ணை."

தையற்காரர் பல்லில் கடித்திருந்த நூலைத் துப்பினார். "இதுக்கா சார் இவ்வளவு சிரமம்? நானே ஞாபகம் வச்சுக்கறேன். ஏழு. எப்ப வேணும்னாலும் வந்து கேளுங்க."

அதற்குப் பிறகு மாடிப்படியில் எப்போது எதிர்ப்பட்டாலும் தையற்காரர் நின்று, மரியாதையாக, "ஏழு சார்" என்பார். மேதை இரண்டிரண்டு படியாக இறங்கிவிடுவார்.

டீச்சர் பொறுத்துக்கொண்டுதான் இருந்தார். அவர் பயிற்சி கொடுத்த கைப்பந்து அணி ஊரிலுள்ள பள்ளிகளை எல்லாம் தோற்கடித்த நாளில் அந்தப் பொறுமை தீர்ந்தது. டீச்சர் கோப்பையோடு வந்து கதவைத் தள்ளித் திறந்து, "ஜெயிச்சுட்டோம்ங்க!" என்று கூவினார்.

மேதை கையைத் தூக்கி, "ஷ்ஷ்!" என்றார். கோப்பையைப் பார்க்கவில்லை. பல்புகளைப் பார்த்தார். "போச்சு. காலையிலேர்ந்து வச்சிருந்தேன். எல்லாம் போச்சு."

டீச்சர் கோப்பையைத் தரையில் வைத்தார். பிறகு அந்த வீட்டில் முதல் தடவையாக அவர் குரல் இறங்கியது.

"இத்தனை வருஷத்துல நான் சொன்னது ஒண்ணாவது உங்க ஞாபகத்துல இருக்கா? என் பிறந்தநாள் எப்ப, சொல்லுங்க பார்ப்போம்."

மேதை, தன்னையறியாமல், திரும்பி மெஷினைப் பார்த்தார்.

அவ்வளவுதான். டீச்சர் பெட்டியைக் கட்டிக்கொண்டு தன் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். "நீங்களும் உங்க கம்பியும் நல்லா இருங்க" என்பதுதான் கடைசியாகச் சொன்னது. தெரு முழுக்கக் கேட்டது. மகளும் கூடப் போனாள். சாதாரணக் குரலில் பேசக்கூடிய வீடு அவளுக்கும் வேண்டியிருந்தது.

இப்போது மேதைக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. வீடு முழுக்கச் சத்தமே இல்லை. மெஷின் அருமையாக ஓடியது. கூட்டியது, கழித்தது, வைத்த எண்ணை வைத்தபடி காப்பாற்றியது. அவர் அலுவலகத்திலும் கிசுகிசுத்தே பேச ஆரம்பித்தார். ஆனால் ஒரு குறை. அந்த வெற்றியைச் சொல்ல வீட்டில் ஆளில்லை. என்னை அழைத்தார்.

வாசலிலேயே செருப்பைக் கழற்றச் சொல்லி, பூனை மாதிரி உள்ளே கூட்டிப்போனார். மேஜையில் பிஸ்கட் பொட்டலங்கள். அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது தெரிந்தது. பல்புகளில் ஏதோ ஒரு பெரிய எண் மின்னிக்கொண்டிருந்தது.

"போன வாரம் போட்டது" என்று என் காதில் ஓதினார். "ஒரு புள்ளி மாறலை. அப்படியே இருக்கு."

"என்ன நம்பர் சார் இது?"

மேதை பல்புகளை உற்றுப் பார்த்தார். "ஏதோ ஒரு காரணத்துக்காகத்தான் போட்டேன்" என்றார்.

எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. சிரித்தால் எண் போய்விடும் என்பதால் தெருமுனை வரை அடக்கிக்கொண்டு வந்து சிரித்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊரிலிருந்த ஒரு பொழுதுபோக்குச் சங்கம், வீட்டில் செய்த பொறிகளுக்கென்று ஒரு கண்காட்சி வைத்தது. மேதை முதல் ஆளாகப் பெயர் கொடுத்தார். மெஷினைக் குழந்தையைத் தூக்குவதுபோல மடியில் வைத்துக்கொண்டு டாக்ஸியில் வந்தார். வேகத்தடை வரும்போதெல்லாம் டிரைவரைத் திட்டினார். மனைவிக்கும் போன் செய்து அழைத்திருந்தார்.

"எதுக்கு? வாயைப் பொத்திக்கிட்டு ஒரு மூலையில நிக்கவா?" என்று கேட்டாராம் டீச்சர். ஆனாலும் மகளோடு வந்திருந்தார். நான் அவர்கள் பக்கத்தில் நின்றேன்.

பெரிய சமுதாயக் கூடம் அது. ஒரு பக்கம் தானாகத் தண்ணீர் தெளிக்கும் பொறி, இன்னொரு பக்கம் பழைய மின்விசிறி மோட்டாரில் ஓடும் துணி பிழியும் பொறி. நடுவில் மேதை. சுருளைச் சுற்றிக் கயிறு கட்டி, "இதோ பாருங்க, ஞாபகம் ஓடறதைக் கண்ணால பாருங்க" என்று கூட்டம் சேர்த்துவிட்டார். உண்மையில் பார்க்க ஒன்றுமில்லை; கம்பி கம்பியாகவே இருந்தது. ஆனால் அவர் பேச்சு அப்படி.

பன்னிரண்டைப் போட்டார். பதினைந்தைப் போட்டார். கூடம் மூச்சை அடக்கியது. ரிலேக்கள் கடகடத்தன. அந்தக் கடகடப்பைத் தாங்க மட்டும் அவர் கம்பிக்கு ஒரு ரப்பர் மெத்தை கண்டுபிடித்திருந்தார். இருபத்தேழு! சரியான விடை.

எல்லோரும் கைதட்டினார்கள்.

இருபத்தேழு ஐம்பத்தொன்பது ஆயிற்று. கைதட்டல் வலுக்க, பல்புகள் தாறுமாறாக எரிந்தன.

"தட்டாதீங்க! தயவுசெஞ்சு யாரும் தட்டாதீங்க!" என்று மேதை அலறினார். அவர் அலறலையும் கம்பி கணக்கில் சேர்த்துக்கொண்டது.

அதற்குள் சிறப்பு விருந்தினர் வந்துவிட்டார். ஊரிலேயே பெரிய பெயிண்ட் கடையின் முதலாளி. மைக்கைப் பிடித்து, "இளைய தலைமுறையே!" என்று ஆரம்பித்தார். பல்புகள் ஒரு ஆட்டம் ஆடின. "நாளைய உலகமே!" இன்னொரு ஆட்டம். கூட்டம் மேடையை விட்டுவிட்டு மெஷின் பக்கம் திரும்பியது. விருந்தினரும் பார்த்துவிட்டார். மைக்கில் "ஓ!" என்றார். பல்புகள் எரிந்தன. "ஆ!" என்றார். எரிந்தன. "என் பேச்சைப் புரிஞ்சுக்குதுய்யா!" என்று பூரித்துப்போனார். அவர் பேச்சை யாராவது அவ்வளவு கவனமாகக் கேட்டது அதுவே முதல் தடவையாக இருக்கவேண்டும்.

பரிசு அறிவித்தார்கள். மேதைக்குக் கேடயம். 'சிறந்த அலங்கார விளக்கு.'

கேடயத்தை வாங்கிக்கொண்டு மேதை நின்ற நிலையை நான் மறக்கமாட்டேன். சிரிக்கவும் இல்லை, திருப்பிக் கொடுக்கவும் இல்லை. கல்யாண மேடை அலங்காரம் செய்யும் ஒருவர் ஓடிவந்து, "இதை வாடகைக்கு விடுவீங்களா சார்?" என்று கேட்டார். மேதை அவரைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

என் பக்கத்தில் டீச்சர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தவர், கணவரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்தினார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், மெஷினுக்குப் பக்கத்தில் நின்று, மைதானத்துக் குரலை எடுத்தார்.

"எல்லாரும் அப்படியே நில்லுங்க! ஒருத்தரும் அசையக் கூடாது!"

கூடம் உறைந்தது. தேநீர்க் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோன சிறப்பு விருந்தினர் அப்படியே நின்றார். தண்ணீர் தெளிக்கும் பொறிக்காரர் தன் குழாயை ஓடிப்போய் அடைத்தார்.

"இப்ப போடுங்க" என்றார் டீச்சர், கணவரிடம்.

மேதை போட்டார். பன்னிரண்டு. பதினைந்து. இருபத்தேழு. அது அப்படியே நின்றது. யாரும் கைதட்டவில்லை. யாரும் மூச்சுகூட விடவில்லை. அந்த வயதில் மேதை, ஒரு கம்பியைப் பார்த்துக்கொண்டு, கேடயத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு அழுதார். அதற்குள் யாருடைய கைபேசியோ பாட்டுப் பாடியது. எண் போயிற்று.

"இவ்வளவுதானா?" என்று டீச்சர் கேட்டார்.

"இவ்வளவுதான்."

"சரி. நல்லாத்தான் இருக்கு."

டீச்சர் வீட்டுக்குத் திரும்பினார், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, சாப்பாட்டு மேஜை சாப்பிடுவதற்கு. இரண்டு, அந்தச் சுருளுக்கு ஒரு மூடி போடவேண்டும். "வெளிய தெரியணும்னா கண்ணாடியில போடுங்க. இதுக்கெல்லாமா மேதையாகணும்?" என்றார்.

"நானும் அதையேதான் ரொம்ப நாளா யோசிச்சிட்டிருந்தேன்" என்றார் மேதை. நான் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மேஜையை இழந்து வீட்டைவிட்டு வெளியேறிய மெஷினுக்கு ஊரிலேயே சத்தமில்லாத இடம் தேவைப்பட்டது. நூலகத்தைக் கண்டுபிடித்தார். நூலகத்தில் சத்தம் வராததற்குக் காரணம் ஒழுக்கம் அல்ல. அதிகம் யாரும் வருவதில்லை என்பதுதான். நூலகர் அம்மா வாசிப்பறையின் ஓரத்தில் சந்தோஷமாக இடம் கொடுத்தார். அடுத்த வாரம் பத்திரிகையில் இரண்டு பத்திச் செய்தி வந்தது. பள்ளிக்கூடங்கள் வரிசையில் வந்தன. நூலகர் அம்மாவின் பதவிக்காலத்தில் முதல் தடவையாக "சத்தம் போடாதீங்க" என்று சொல்லவேண்டிய தேவை வந்தது. வந்தவர்கள் ஒருவரும் புத்தகத்தைத் தொடவில்லை என்பது வேறு விஷயம்.

போன மாதம் நான் போனபோது மேதை கண்ணாடி மூடிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே பெரியவர் ஒருவர் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார். படித்தவர் இருமினார். கண்ணாடிக்குள்ளிருந்த ஏதோ ஒரு எண் இன்னொன்றானது.

"வெளிய போய் இருமக்கூடாதா?" என்றார் மேதை.

"தம்பி, நீ வர்றதுக்கு ரொம்ப முன்னாடியிருந்து நான் இங்கதான் இருமிட்டிருக்கேன்" என்றார் பெரியவர், தாளிலிருந்து கண்ணை எடுக்காமல். "உன் மெஷினை வெளிய கொண்டுபோ."

இருவரும் முறைத்துக்கொண்டார்கள். நூலகர் அம்மா தலையிட்டு ஒரு ஏற்பாடு செய்துகொடுத்தார். இப்போது இருமல் வரும்போது பெரியவர் பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைத் தூக்குகிறார். மேதை கணக்கை நிறுத்துகிறார். பெரியவர் சாவகாசமாக இருமி முடித்து, தொண்டையைக் கனைத்து, கையை இறக்குகிறார். மேதை ஆரம்பத்திலிருந்து எண்ணைப் போடுகிறார். பெரியவர் அடுத்த பக்கத்தைச் சத்தமில்லாமல் புரட்டுகிறார்.